உணர்திறன் முப்பத்தெட்டு

ஆயிரத்து இருநூற்று எழுபத்தொரு காட்சிகள்
என்கிறது மென்பொருள்.
இருந்தது ஒரே ஒரு ஞானஸ்நானம்.
அதுவும் வடாலாவில், அடைமழையில்,
குழந்தை அழ ஆரம்பிப்பதற்குள் முடிந்துபோனது.

பிளாஷ் அடித்த இடமெல்லாம் அதற்கு வெட்டு.
போட்டோக்காரர் விரலை அழுத்த அழுத்த
நெற்றியில் விழுந்த ஒரு கை தண்ணீர்
பதினொரு துண்டாகக் கிடக்கிறது திரையில்.
வெளிச்சம் மாறினால் உலகமே மாறிவிட்டது
என்று நம்புகிற புத்தி.
திட்ட மனசு வரவில்லை.
எனக்கும் அப்படி ஒரு வயது இருந்தது.

தேதி பதிகிற நாடா என்றால் இந்தப் பாடு இல்லை.
கேமரா நின்ற நிமிஷமும் ஓடிய நிமிஷமும்
அதுவே ஒப்பித்துவிடும்.
இது வி.எச்.எஸ்., பிரதிக்குப் பிரதி எடுத்தது.
மணி பார்க்கத் தெரியாது.

உணர்திறனை இறக்கினேன்.
எண்பதில் ஆயிரம். அறுபதில் அறுநூற்றுச் சொச்சம்.
படத்தின் அடியோரம் துடிக்கும் வெள்ளை நூல்களை
பத்து வரி அளவுக்கு மறைத்தேன்.
இரண்டு விநாடிக்குக் குறைந்ததைக் காட்சி என்று
சொல்லாதே என்றேன்.
முப்பத்தெட்டில் நாற்பத்திரண்டு வந்தது.
போதும், மிச்சம் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

கோலிவாடா முனைக்கு இறங்கிப் போனேன்.
இந்த ஊரில் டீக்கும் கட்டிங் என்றுதான் பெயர்.

சகாயராணி நாடாவோடு ஒரு சீட்டும் தந்திருந்தாள்,
சயான் ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டின் பின்பக்கம்:
‘கோயில் தனி.
வீடு தனி.
சண்டை வேண்டாம்.’

பதினேழாம் காட்சி இருபத்து மூன்று நிமிஷம்.
படம் பிடித்த லூர்து மச்சான்
நிறுத்தும் பொத்தானை மறந்துவிட்டார்.
கையில் தொங்கியபடி கேமரா
கோயில் படி இறங்குகிறது, சேற்றைத் தாண்டுகிறது,
சாலில் மூன்று மாடி ஏறுகிறது தலைகீழாக.
பிறகு ஏதோ ஸ்டூலில் உட்கார்ந்து
ஒரு நீல வாளியையும் ஏழெட்டுக் கால்களையும்
வைத்த கண் வாங்காமல் பார்க்கிறது.
இங்கே வெட்டே இல்லை என்கிறது மென்பொருள்.
சரியாகத்தான் சொல்கிறது.

சண்டை எந்த பிரேமில் தொடங்குகிறது?

தட்டு விழும் சத்தத்தில் என்று குறித்தேன்.
இல்லை, அதற்கு முன்பே ஒரு குரல்
‘பரவாயில்ல, பரவாயில்ல’ என்று
இரண்டு தடவை சொல்கிறது.
அதற்கும் முன்னால்
ஒரு ஜோடிச் செருப்பு இன்னொரு ஜோடியிடமிருந்து
மெல்ல விலகித் திரும்புகிறது.
பின்னால் போனேன். இன்னும் பின்னால்.
மாடிப்படியில் யாரும் யாரோடும் பேசவில்லை.
சேற்றில் யாரும் யாருக்கும் கை கொடுக்கவில்லை.

அப்புறம்தான் அந்தப் பதினொரு துண்டையும்
ஒன்றோடொன்று ஒட்டி ஓடவிட்டேன்.

பாதர் குழந்தையை நீட்டச் சொல்கிறார்.
பச்சை வளையல் போட்ட ஒரு கை
குழந்தைக்காக முன்னால் வருகிறது.
பிளாஷ்.
வேறு யாரோ ஞானத்தாயாக நிற்கிறார்கள்.
பிளாஷ்.
வந்த கை முந்தானையைச் சரிசெய்வதுபோல்
திரும்பிப் போகிறது.
தண்ணீர் விழுகிறது.

நைட் டூட்டியில் இருந்தவளைக் கூப்பிட்டேன்.
அம்மா, சண்டையை எடுத்தால்
ஞானஸ்நானமும் கூடவே போய்விடும்.
எங்கே வெட்டச் சொல்கிறீர்கள்?

அந்தப் பக்கம் ஸ்டிரெச்சர் சக்கரம் கடந்துபோனது.
யாரோ மராத்தியில் ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டார்கள்.
‘வளையல் என்ன நிறம்னீங்க?’

சொன்னேன்.

நெடுநேரம் எதுவும் இல்லை.
மென்பொருளாக இருந்தால்
வெற்றிடம் என்று தள்ளியிருக்கும்.

‘அப்படியே குடுத்துருங்க’ என்றாள்.
‘ரெண்டு காப்பி.
ஒண்ணு தபால்ல அனுப்பணும்,
அட்ரஸ் கேட்டுச் சொல்றேன்.’

நாடா ஒன்று, காட்சி ஒன்று என்று பில் எழுதினேன்.
வெட்டுக்கூலி போடவில்லை.