ஒட்டுக்கோடு

கணபதி, பின்சந்து. மோல்டிங் மிஷின் நான்கு.
இரவு ஷிப்டில் மூன்று ஓடும்.
ஒன்று எனக்கு,
முதலாளிக்குத் தெரிந்தும் தெரியாமலும்.

சுல்தான்பேட்டையிலிருந்து போன்:
“ஏனுங், எண்ணூறு அடியில எறக்குன பம்ப்பு.
பதனோரு நாள்ல ரெக்கை போயிருச்சுங்.
பித்தளைக்கு என்னங் கொறச்சல்?”

உடைந்த இம்பெல்லரை வெளிச்சத்தில் பிடித்தேன்.
கண்ணாடி இழை கலந்த கறுப்பு நைலான்.
ரெக்கையின் அடியில் மயிரிழைக் கோடு:
இருநூற்றெண்பது டிகிரியில்
இரண்டாகப் பிரிந்த குழம்பு
நடுத்தண்டைச் சுற்றி வந்து
மறுபடி சந்தித்த இடம்.
சந்தித்தது. சேரவில்லை.
அதற்குள் ஆறியிருந்தது.

குருணையை ஆறு மணி நேரம் உலர்த்தினேன்.
அழுத்தம் கூட்டினேன், அச்சைச் சூடாக்கினேன்.
கோடு மெலிந்தது,
போகவில்லை.

அச்சு கடையும் கருணாம்பிகை
டீயை ஊதிக்கொண்டே சொன்னாள்:
“அது போவாதுங்.
எங்க வரோணும்னு மட்டும் சொல்லுங்.”

குழம்பு நுழையும் வாயைப்
பதினெட்டு டிகிரி திருப்பினோம்.
கோடு இப்போது
இரண்டு ரெக்கைகளுக்கு நடுவே,
பாரம் விழாத சதையில்.

காப்புரிமைப் படிவம் கேட்கிறது,
இதில் புதியது என்ன?
இரண்டு பெயரையும் எழுதிவிட்டு
அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்தபடி இருக்கிறேன்.

சுல்தான்பேட்டையில் இன்று நாற்பதாம் நாள்.
போன் வரவில்லை.