புளியரை எடைமேடை

திரையிலிருந்து சொற்களை எடுத்துவிட்டார்கள்.
தமிழா மலையாளமா என்ற வழக்கே வேண்டாமாம்,
படம் என்றால் எல்லோருக்கும் பொதுவாம்.

வளைந்த அம்பைத் தொட்டேன்.
திரும்பிப் போகச் சொல்கிறது என்று
ஷிஹாப் லாரியைப் பின்னால் எடுத்தான்.
எடுத்த எடையும் அழிந்தது.

சதுரத்துக்குள் சின்னச் சதுரம்: சேமிப்பாம்.
எனக்கு அது பாதி இறக்கிய ஷட்டர்.
பல்சக்கரத்தை இருவருமே தொடவில்லை,
கியர்பாக்ஸ் செலவு தெரிந்தவர்கள்.

மலையிலிருந்து மழை இறங்கியது.
பின்னால் பதினோரு ஹாரன்,
நனையும் வைக்கோல்.

பிளாஸ்திரி கிழித்து ஒட்டி
ஒவ்வொரு படத்தடியிலும் எழுதினேன்:
அழி. வை. தொடாதே.
பேனாவை வாங்கி, பக்கத்திலேயே
அவன் எழுத்தில் அவன் எழுதினான்.

எனக்கு அது வாசிக்க வராது.
அக்கரை ஓட்டுநர்கள் படித்துச் சிரிக்கிறார்கள்,
சிரித்துக்கொண்டே
சரியான பொத்தானை அமுக்குகிறார்கள்.