பாதிக் காற்று

இந்த வேலிக்குள் பயிர் இல்லை,
வீடில்லை, ஆடில்லை,
களவு போக எதுவுமில்லை.
எண்கோணமாய் இரண்டு சுற்று மரச்சட்டங்கள்.
நட்ட நடுவில் ஒரு தகரக் குவளை.
அதில் விழும் பனியை அளந்து எழுதுவதற்குத்தான்
ஈனாரிக்கு வடக்கே
எனக்குச் சம்பளம்.

காற்று பனியைக் குவளைக்குள் விழ விடாது.
வாய்வரை கொண்டுவந்து தட்டிப் பறித்துப் போகும்.
அதனால் வேலி.
முழுதாய் மறித்தாலும் தப்பு,
சுவரேறிச் சுழன்று வேண்டாத இடத்தில் கொட்டும்.
பாதியை விடு, பாதியைப் பிடி என்கிறது கையேடு.
சட்டம் ஒரு பங்கு, வெறுமை ஒரு பங்கு.
பதினேழு வருடமாய் நான் பழுது பார்ப்பதில்
சரிபாதி
இல்லாத மரம்.

ஜூனில், கொசு கிளம்பும் முன் பூசிவிட வேண்டும்.
கிளம்பிவிட்டால் தூரிகைக்கு ஒரு கைதான் மிச்சம்.
அண்டாவில் தண்ணீர் கொதிக்கிறது.
முதலில் அன்னபேதி.
பிறகு ரை மாவு, கட்டி தட்டாமல் கிண்டிக்கொண்டே.
பிறகு செங்காவி. கடைசியில் ஆளிவிதை எண்ணெய்.
கஞ்சி வாசனை ஏரிவரை போகிறது.
கடைப் பூச்சு பளபளக்கும், தோலாய் மூடும்,
உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழியிருக்காது,
அழுகல் அங்கே சத்தமில்லாமல் குடித்தனம் நடத்தும்.
கூழ் குடித்த மரம்
நனையும், காயும், மறுபடி நனையும்.
என் கால்சட்டைகள் எல்லாம் ஒரே நிறம்.

கம்பங்களைத் திருப்புளியால் குத்திப் பார்க்கிறேன்.
மேலே உறுதி.
முழம் ஆழம் தோண்டினால் அங்கும் உறுதி.
மண்ணும் வெளியும் தொட்டுக்கொள்ளும்
அந்த நாலு விரல் உயரத்தில்தான்
திருப்புளி பிடிவரை போய்விடுகிறது.

பிப்ரவரியில் ஹெல்சிங்கியிலிருந்து ஸீர்க்கா அழைத்தாள்.
"உன் பனி குறைகிறதே,
பக்கத்து நிலையத்தில் பதினொன்று, உனக்கு எட்டு."
போய்ப் பார்த்தேன்.
மேற்கே, வெளிச்சுற்றில், இரண்டு சட்டங்கள் இல்லை.
ஆணிகள் மட்டும் வளைந்து நின்றன.
கலைமான் கொம்பு உரசியிருக்கும் என்றேன்.
இரண்டு சட்டத்துக்கு மூன்று மில்லிமீட்டரா?
அவள் நம்பவில்லை. நானும்தான்.

ஏப்ரலில் தபாலில் வந்தன,
பழைய செய்தித்தாளில் சுற்றி.
எல்யாஸ் நுவோர்காம் என்று ஒருவன்.
பனிவண்டி கவிழ்ந்து
முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாய்ப் போக,
கண்ணுக்கெட்டிய வெள்ளையில் சிவப்பாய்த் தெரிந்தது
என் வேலி ஒன்றுதானாம்.
ஊர்ந்து வந்து, பிடுங்கி,
காலுக்கு இரண்டு பக்கமும் வைத்து
ஒட்டுநாடாவால் சுற்றிக்கொண்டு
நாலு மணி நேரம் கிடந்திருக்கிறான்
பாதிக் காற்றில்.
கடிதத்தில் மன்னிப்புக்கு ஒரு வரி.
ஆணிகளை நிமிர்த்த முடியவில்லை என்று இன்னொரு வரி.

இன்று அவற்றை அதே இடத்தில் அடித்தேன்.
கிடங்கில் புதுச் சட்டம் இருந்தது,
அகலம் ஐந்து மில்லிமீட்டர் கூடுதல், இடைவெளி கெட்டுவிடும்
என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.
நாடாவின் பசை பட்ட இடத்தில்
கூழ் பிடிக்கவில்லை.
சுரண்டிப் பூசினேன். வழிந்தது.
சிவப்பில் வெளிறிய இரண்டு பட்டைகள்,
கணுக்கால் இருந்த இடத்தில் ஒன்று,
முழங்கால் இருந்த இடத்தில் ஒன்று.
ஈரம் முதலில் அங்கேதான் நுழையும்.
அடுத்த கோடையில்
திருப்புளியும் முதலில் அங்கேதான்.

பதிவேட்டில் பிப்ரவரிக்கு எதிரே:
அளவு குறைவு. வேலி முழுமையில்லை. காரணம்
என்ற இடத்தில் பேனா நின்றது.
காற்று, விலங்கு, அழுகல்
என மூன்றுதான் அச்சிட்டிருந்தார்கள்.
மூன்றையும் விட்டுவிட்டு
ஓரத்தில் கையால் எழுதினேன்:
கால்.