அறைச் சத்தம்

இருபத்திரண்டு வருடமாக
இஸ்தான்புல் தொடர்களில் நான்தான் அறைகிறேன்.
மாமியார் மருமகளை, முதலாளி ஓட்டுநரை,
மணப்பெண் கையெழுத்து மேசையில் மாப்பிள்ளையை.
நடிகர்களின் கை காற்றைத்தான் தொடும்.
கன்னம் என்னுடையது:
ஈரமான தோல் கையுறை, அதன் கீழே
கசாப்புக்கடை நெவ்ஸாத் எடுத்துவைத்துத் தரும்
ஆட்டுத்தொடைத் துண்டு.
வியாழக்கிழமைகளில் அதையே சமைத்துச் சாப்பிடுவோம்.

இந்த வருடம் புதிதாக ஒரு தொடர்.
ஸுஹால், எர்தால். பிரிந்துபோன தம்பதி.
பாலாட்டில் இருவர் பேரிலும் ஒரு ரொட்டிக்கடை.
அவளைக் கேட்காமல் அவன் கடையை அடகு வைத்துவிட்டான்.
அவளுக்குத் தெரிந்துவிட்டது.
கையுறையை நனைத்துவைத்துக் காத்திருந்தேன்.

வேறு தொடராக இருந்தால்
முகத்துக்கு மூன்று முறை கேமரா பாயும்,
வெயில் நாளிலும் இடி இடிக்கும்,
ஒரு தேநீர்க் குவளையாவது சுவரில் சிதறும்
(எங்கள் வீட்டில் ஜோடியிழந்த குவளைகள்
அப்படித்தான் தீர்ந்தன).

ஸுஹால் நாற்காலியை இழுத்தாள். உட்கார்ந்தாள்.
"இப்போது வாயைத் திறந்தால்
பிறகு பொறுக்க முடியாததைக் கொட்டிவிடுவேன்.
நாளைக் காலை, மாவு பிசைந்தபிறகு பேசலாம்."

மறுநாள் பேசினார்கள். பதினோரு நிமிடம்.
"பயந்துவிட்டேன்" என்றான் எர்தால்,
"பயந்ததைச் சொல்லவும் பயம்."
அவள் உடனே மன்னித்துவிடவில்லை.
கணக்குப் புத்தகத்தைக் கேட்டாள்.

கையுறை காய்ந்துபோனது.

"அக்கா, மனிதர்களா இவர்கள்,
மருந்துச் சீட்டா?" என்றான் உதவியாளன் துன்ஜாய்.
எனக்கும் எரிச்சல்தான். என் பிழைப்பில் மண்.

ஆனால் வேலை குறையவில்லை, கூடியது.
அறைவதற்கு அரை நொடி போதும்.
அறையாமலிருப்பதற்கு
சட்டைக்கை மேசையில் உரசவேண்டும்,
கழற்றாத மோதிரத்தை விரல் திருகவேண்டும்,
எச்சில் தொண்டையில் இறங்கவேண்டும்,
கரண்டி குவளையின் ஓரத்தைத் தொடாமல்
சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.
தொடாத கரண்டிக்கு என்ன சத்தம்?
ஒரு முழு மதியம் அதற்கே போனது.

பத்தொன்பதாம் பகுதியில் ஒரு குறிப்பு:
*ஸுஹால் கோபமாக வெளியேறுகிறாள். கதவைச் சாத்துகிறாள்.
அறைந்து அல்ல.*
பதினான்கு முறை முயன்றேன்.
பதினான்கு முறையும் கடைசி விரற்கடையில்
என் மணிக்கட்டு தன் பழக்கத்துக்குத் திரும்பியது.
"போதும், ஒலியை வெட்டிவிடலாம்" என்றான் துன்ஜாய்.
போடா என்றேன்.

செர்மெத்தின் வீட்டுக் கதவை
ஏழு வருடத்துக்கு முன் சாத்தியவள் நான்.
அப்பாவின் படகை அவன் விற்ற அன்று.
கண்ணாடி பொலபொலவென்று இறங்கி
மாடிப்படிகளில் மூன்று தளம் உருண்டது.
என் வாழ்நாளின் ஆகச் சிறந்த சத்தம்,
கையில் மைக் இல்லையே என்று
படியிறங்கும்போதே நினைத்தேன்; அப்படிப்பட்டவள்.
அந்த இடத்தில் இப்போதும் பலகைதான் இருக்கிறதாம்.

பதினைந்தாவது முறை
கைப்பிடியைத் திருகியபடியே இழுத்தேன்,
நிலையோடு சேர்த்துப் பிடித்தேன்,
தாழ்நாக்கை ஒரு மூச்சளவு நேரத்தில் விடுவித்தேன்.
துன்ஜாய் காதணியைக் கழற்றிவிட்டு
"சாத்திவிட்டீர்களா?" என்று கேட்டான்.

படப்பிடிப்பு முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு:
எல்லோரும் அப்படியே நிற்க,
யாரும் பேசாத அறையை
ஒரு நிமிடம் பதிவுசெய்வார்கள்.
வெட்டிய இடங்களை ஒட்டுவதற்கு அது வேண்டும்.

செவ்வாய் இரவு செர்மெத்தை அழைத்தேன்.
எடுத்தான். ஹலோ சொல்லவில்லை. நானும்.
தொழில் புத்தி, அவன் அறையைக் கேட்டேன்:
குளிர்ப்பெட்டியின் முனகல்,
தொலைவில் ஒரு படகின் சங்கு,
தொலைக்காட்சி.
அதில் யாரோ இழுக்கும் நாற்காலி.
என் நாற்காலி.

"சத்தத்தைக் குறைக்கட்டுமா?" என்றான்.

இருக்கட்டும் என்றேன்.