பதினோராவது நிமிடம்

பத்தொன்பது நிமிஷப் பாட்டு.
அதில் சொற்கள் மொத்தம் நாற்பத்தொன்று.
எண்ணியவன் நான். பேஸ் வாசிப்பவனுக்கு
எண்ணுவதை விட்டால் வேறென்ன வேலை.

ஜெயிலில் கிடப்பவன் பாட்டு என்றார்கள்.
காதலி கைவிட்ட பாட்டு என்றான்
கேத்தியில் கேசட் விற்ற ஃபெலிக்ஸ்.
கடவுள் பேசாமல் போன பாட்டு என்று
லவ்டேல் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன்
எட்டுப் பக்கம் எழுதிக் கொண்டுவந்தான்.
படித்துவிட்டு ஜோதிலிங்கம்
கையெழுத்து நல்லா இருக்கு என்றான்.

பெயர் ஜோதிலிங்கம். வேலை இருட்டில்.
ஊட்டி பிலிம் கம்பெனி, பூச்சுப் பிரிவு.
கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றே,
எட்டு மணி நேரம்.
ஒரு தீக்குச்சி வெளிச்சம் போதும்,
சுருள் முழுக்க வீண், சம்பளத்தில் பிடித்தம்.
முதல் வாரம் சுவரைத் தடவி நடந்தானாம்.
மூன்றாம் மாதம் மூக்கே வழி சொன்னதாம்:
இங்கே ஜெலட்டின்
இங்கே ஈர ரப்பர்
இங்கே சண்முகையா, வெற்றிலை.

உருளை ஒன்று தேய்ந்துபோயிருந்தது.
மூன்று தட்டு, பிறகு நான்கு.
தகிட தகதிமி தகிட தகதிமி
விடியும்வரை.
எங்கள் டிரம்மர் ராயப்பன் அந்த மெஷினைக் கேட்டதேயில்லை.
ஜோதி பேக்கரி மேசையில் தட்டிக் காட்டியதை
அப்படியே எடுத்துக்கொண்டான்.
குந்தா லயத்து வீட்டில் அவன் அம்மா கேட்டுவிட்டு
ஒரு செருப்பு அறுந்தவன் நடக்கிற மாதிரி இருக்கே என்றாள்.

எண்பத்து மூன்று, ஜூலை.
காந்தலில் யாரும் வாடகைக்கு எடுக்காத ஒரு மண்டபம்.
தகரத்தில் மழை; அதுவும் கேசட்டில் இருக்கிறது.
பதினோராவது நிமிடத்தில் கரண்ட் போனது.
ஆர்கன் தொண்டை இறங்கி, இழுத்து, அணைந்தது.
டேப் ரெக்கார்டர் மட்டும் பேட்டரியில்
ஓடிக்கொண்டிருந்தது.
ராயப்பன் நிறுத்தவில்லை.
நிறுத்தினால் நீங்களெல்லாம் இல்லாமல் போய்விடுவீர்கள் போல
இருந்தது என்று பிறகு சொன்னான்.
ஆம்ப் செத்த கிட்டாரை வைத்துக்கொண்டு
வெறும் கம்பியைத் தடவினேன்.
அப்போது ஜோதி எழுந்து நடந்தான்,
தீப்பெட்டி தேடித்தான், வேறெதற்குமில்லை.
நடந்தபடியே, ஷிஃப்டில் சொல்கிற குரலில்,
பாடாமல், யாரையும் நினைக்காமல்:

வலப்பக்கம் வர்றேன்.
வலப்பக்கம் வர்றேன்.

மோதிக்கொள்ளாமலிருக்க
அங்கே எல்லாரும் அப்படிச் சொல்வார்களாம்.
எதிரே வருகிறவன், வா, என்று
பதில் தரவேண்டும்.
நாங்கள் யாரும் தரவில்லை.
தரவேண்டும் என்றே தெரியாது.

அதுவரை அந்தப் பாட்டில் சொல்லே கிடையாது.
மீதிச் சொற்களெல்லாம்
அதற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.
பையனின் எட்டுப் பக்கத்தில் ஐந்து
அந்த மௌனத்தைப் பற்றி.
மின்வாரியத்துக்கு அனுப்பியிருக்கலாம்.

போன மாதம் பார்க்கப் போனேன்.
கம்பெனி பூட்டி எத்தனையோ வருஷம்;
கேட்டருகே காட்டெருமை படுத்திருந்தது.
ஜோதி வீட்டில் பகலிலும் மூன்று பல்பு எரிகிறது.
நாற்பது வருஷம் கேட்காததைக் கேட்டேன்:
அது தனிமையைப் பற்றின பாட்டுதானே?
சர்க்கரையை நெடுநேரம் கலக்கினான்.
"ஆள் இல்லாத எடத்துல எனக்கு ஒண்ணும் ஆனதில்ல.
ஆள் இருக்கு, மூச்சு கேக்குது,
எந்தப் பக்கம்னு தெரியல.
அதத்தான் எழுதுனேன்."
பிறகு, "டீ ஆறுது."

கடைசி பஸ்ஸில் இறங்கினேன்.
குன்னூர் தாண்டியதும் மூடுபனி,
கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாய் ஒரு பூச்சுப் பிரிவு.
கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி
ஒலி எழுப்பவும் என்று பலகை.
டிரைவர் அழுத்துகிறார்,
கொஞ்சம் காது கொடுக்கிறார்,
திருப்புகிறார்.
ஐந்து வளைவுவரை ஒன்றுமில்லை.
ஆறாவதில், கீழே எங்கிருந்தோ,
ஒரு லாரி.

"வா," என்றேன்.

மடியில் கேரட் பையோடு பக்கத்தில் இருந்த அம்மாள்
காலை நகர்த்திக்கொண்டு,
"யாரக் கூப்புடுறீங்க?" என்றாள்.