போயா நாள் கூட்டக் குறிப்பு

களுவாஞ்சிக்குடியில்
சைக்கிள் கடைக்கு மேல் ஓர் அறை.
போயாவுக்குப் போயா கூடுகிறோம்.
கடவுள் இல்லை என்பவர்களுக்கும்
புத்தர் தந்த லீவு நாள்தான் தோது.

வரவு ஐவர்.
தலைவர் சாமித்தம்பி. பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.
தாண்டவன்வெளி பெனடிக்ற், மருதமுனை றமீஸ்,
அறை தன்னுடையது என்பதால் டிலக்சன்.
குறிப்பெழுதுபவள் யோகமலர், பிரதேச சபையில் வரிக்கணக்கு.
வராதவர் குலசேகரம்.

ஒருவர் விட்டுவந்த வீடு மற்றவர் விட்டது அல்ல.
றமீஸுக்கு இல்லாதவன் உருவமற்றவன்,
இல்லாமல் இருப்பதிலும் உருவமில்லை.
சாமித்தம்பிக்கு இல்லாதவர்கள் பலர்,
வேலும் மயிலும் மனைவிமாருமாய்
குடும்பத்தோடு இல்லை.
பெனடிக்ற்றுக்கு இல்லாதவர்
இன்னமும் வெள்ளிக்கிழமைகளில் சாகிறார்.
எனக்கு இல்லாத கண்ணகை
வைகாசியில் மட்டும் கதவு திறப்பாள்.
மிச்சம் பதினொரு மாதமும்
நானும் அவளும் ஒரே கட்சி.

விடயம் ஒன்று.
போன போயா, மண்டூர்த் தீர்த்தம்.
குருமண்வெளித் துறையில்
குலசேகரம் பாதை ஏறியதைக் கண்டவர் உண்டு.
வெறும் மேல். வேட்டி. தோளில் மகள்.

சாமித்தம்பி மேசையில் தட்டினார்:
"கொள்கையெண்டா கொள்கைதான். நீக்கவேணும்."
நீக்கம் என்று எழுதினேன்.
எழுதிய பிறகு பேனை ஓடவில்லை.
பத்து வருடமாய் நான் மிதிக்காத கோயில்
என்னை நீக்கவில்லை.
சடங்குக்குச் சடங்கு
குடிவரி கேட்டு ஆள் அனுப்புகிறது.
அங்கே யாரும் வரவு எடுத்ததுமில்லை.

"அப்ப இதுவும் ஒரு சமயமோகா?"
கேட்டுவிட்டேன்.

மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
"மழை பெய்யாததும் ஒரு மழையோ?" என்றார் சாமித்தம்பி.
நல்ல பதில். எழுதிக்கொண்டேன்.
"பெய்யாட்டியும்," என்றான் றமீஸ்,
"வயல்காரன் வானத்தைத்தானே பாக்கான்."
அதையும் எழுதினேன்.
மறுகா அவனே சொன்னான்:
"எங்கட ஆக்கள் மதம் எண்டு சொல்றல்ல, மார்க்கம் எண்டுதான்.
போறவனும் திரும்பி வாறவனும்
மிதிக்கிறது ஒரே றோட்டுத்தானே."

திரும்பி வந்தவர்கள் நாங்கள் ஐவரும்
கொஞ்ச நேரம் எங்கள் கால்களைப் பார்த்தோம்.

டிலக்சன் போனை எடுத்தான்,
மேசை நடுவில் வைத்தான்.
குலசேகரத்தின் குரல், பின்னால் கோழிச் சத்தம்:
"பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. மனிசி நேர்ந்திருந்தா.
அவவுக்கு முழங்கால் ஏலா.
தூக்க ஆள் வேணும். தூக்கினன்."

"கும்பிட்ட நீயா?"

"ரெண்டு கையிலயும் பிள்ளை."

கோழி ஒருமுறை கூவி ஓய்ந்தது.
"அங்க வாயைக் கட்டிக்கொண்டுதான் பூசை, தெரியுந்தானே.
அவர் ஒண்டும் சொல்லல்ல.
நானும் ஒண்டும் சொல்லல்ல.
அப்பிடியே நிண்டம்."

நீக்க இருவர், வேண்டாம் இருவர்.
என் வாக்கைக் கேட்டார்கள்.
சபையில் எட்டு வருடமாய் நான் பழகிய சொல்லை எழுதினேன்:
ஒத்திவைப்பு.

கீழ்க்கடைப் பொடியன் பழக்கத்தில்
ஆறு தேத்தண்ணி கொண்டுவந்தான்.
ஆறாவதை வெறுங்கதிரைக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனான்.
யாரும் தொடவில்லை. ஆவி அடங்கியது.
கோப்பை விளிம்பில் ஓர் எறும்பு சுற்றிவந்தது.

"ஆருக்குப் படைச்சிருக்கிறீங்க?"
பகிடியாகத்தான் கேட்டார் சாமித்தம்பி.
சிரிப்பு வரவில்லை, அவருக்கும்.
எட்டி எடுத்தார்.
எறும்பை ஊதிவிட்டார்.
ஆறிப்போனதை ஒரே மடக்கில் குடித்தார்,
கண்ணை மூடிக்கொண்டு.

அது குறிப்பில் இல்லை.

அடுத்த கூட்டம் ஐப்பசிப் போயா, காலை ஒன்பது மணி.
பிந்தி வருவோர் காரணம் எழுதித் தரவேண்டும்.