இரண்டு மூட்டை பொன்னி

பதினைந்து வேண்டும் என்கிறான் டில்லிபாபு.
காசிமேட்டில் பார்த்துவிட்டு வந்தவன்.
அங்கே அலை இருக்கிறது.
இங்கே, காவேரிப்பாக்கம் ஏரியில்,
எருமை எழுந்து நின்றால்
முதுகு காய்ந்திருக்கும்.

சங்கத்தில் ஒன்பது பங்கு. என்னுடையது ஒன்று.
குத்தகைக்குப் போனது போக
மிச்சம் எழுபத்திரண்டாயிரம்
என் கையெழுத்தில் நோட்டில் இருக்கிறது.
படகு வந்துவிட்டது. பழவேற்காட்டில் ஓடிய பழைய ஃபைபர்,
பதினான்கு அடி,
பின்பக்க விளிம்போரம் யாரோ பெற்ற மகளின் பெயர்:
ரெஜினா.
அழிக்க வேண்டாம் என்றார்கள், பெயிண்ட் செலவு.

வாலாஜாவில் பம்புசெட் பார்க்கும் அல்தாப்
போனில் மூன்றே கேள்விதான் கேட்டார்.
ஆள் எத்தனை.
மீன் எத்தனை கிலோ.
பங்குனியில் தண்ணீர் எவ்வளவு.
முதல் இரண்டுக்கு நாலு பேர் நாலு பதில் சொன்னோம்.
மூன்றாவதற்கு
ஆளாளுக்கு ஏரியைத் திரும்பிப் பார்த்தோம்.

மறுநாள் விடியலில்
எத்திராஜின் பரிசலில் ஏறினேன்.
முழம் முழமாகக் கோடு கீறிய மூங்கில்.
மதகடியில் ஆறு.
பாறையோரம் மூன்று.
கருவேலம் வெட்டியெடுத்த இடத்தில் ஒன்றரை,
அதில் அரை முழம் அடிக்கட்டை.
மேற்கே, மீன் விழுகிற பக்கம்தான்,
கோல் இறங்கியது, இறங்கியது,
தண்ணீர் முடிந்து சேறு தொடங்கிய இடம்
கைக்குத் தட்டுப்படவே இல்லை.
இது தை மாதக் கணக்கு.

"சீக்கிரம் போயி சீக்கிரம் வர்லாம்ல அண்ணி?"
"எங்க போவ? ஏரி தாண்டுனா ஓச்சேரி ரோடு."
சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.
அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது:
எதிர்காற்றில் ஐஸ் கரையும்,
ஐஸ் கரைந்தால் கட்லாவின் கண் வெளுக்கும்,
கண் வெளுத்தால் ஆற்காட்டு வியாபாரி
கிலோவுக்கு இருபது குறைப்பான்.

அதனால் எடை போட்டோம்.
இருபத்தைந்து கிலோ பொன்னி, இரண்டு மூட்டை.
பதினைந்து ஏறக்குறைய அவ்வளவு கனம் என்றார் அல்தாப்.
படகின் பின்கட்டையில் வைத்துக் கட்டி
பக்கத்தில் டில்லிபாபுவையும் உட்கார வைத்தோம்.
ஓட்டுகிறவன் அங்கேதானே உட்கார வேண்டும்?
மூக்கு எழும்பியது.
பின்னே 'னா' முழுகிவிட்டது.
ரெஜி மட்டும் மிதந்தாள்.
விசிறி இருக்க வேண்டிய இடத்தில்
சேறு குழம்பி மேலே வந்தது.

ஒரு மூட்டையை இறக்கினோம்.
ஐந்து குதிரை இவ்வளவுதான்.
படகு பெருமூச்சு விட்டதுபோல் நிமிர்ந்து
துணைக்காலை மட்டும் நனைத்துக்கொண்டு நின்றது.

யாரும் ஓட்டுப் போடவில்லை.
டில்லிபாபுவே தண்ணீரில் குதித்து,
இடுப்பளவுதான்,
மூட்டையைத் தோளில் ஏற்றிக் கரைக்குப் போனான்.

எஞ்சின் வந்த முதல் நாளே
அடிக்கட்டையில் இடித்து ஷியர் பின் உடைந்தது.
நாற்பது ரூபாய்.
அல்தாப் அரை டஜன் கொடுத்தனுப்பியிருந்தார்,
எங்கள் ஏரியைப் பார்க்காமலே.
எதிர்காற்றில் இருநூறு கிலோவோடு திரும்பும்போது
கரையில் மேய்கிற மாடு
எங்களோடு கூடவே வருகிறது.
டில்லிபாபு அதைப் பார்ப்பதில்லை.
ஆனி பிறந்தால் எஞ்சினைக் கழற்றி
சாக்கில் சுற்றி வைக்க வேண்டும்,
அப்புறம் கோல்தான், அதற்குக் குதிரை ஏது.

அரிசியை ஒன்பது பங்காகப் பிரித்தேன்.
நனைந்த மூட்டை முதலில்.
எழுதும்போது நோட்டில்
அரிசி என்று போடுவதா எஞ்சின் என்று போடுவதா என
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
வாங்காத பதினைந்தை
மாசி முடியும்வரை
மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டோம்.